ஒன்றரைப் புள்ளி

தான் தண்ணீருக்கு அடியில் குடியிருக்கிற விஷயம் தார்ப்பாய்க்காரருக்குத் தெரியவந்தபோது அவர் வாயில் பிரஷ் இருந்தது.

வாசலில் மீன்துறை ஜீப் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்து இறங்கியவர் காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளை இரட்டைக் குழந்தைகளைத் தூக்குகிற மாதிரி இரண்டு கையிலும் ஏந்தியிருந்தார். பைக்குள் தண்ணீர். தண்ணீருக்குள் விரற்கடை நீளத்தில் மீன்குஞ்சுகள்.

"குளம் எங்கங்க இருக்கு?"

தார்ப்பாய்க்காரர் நுரையைத் துப்பினார். "எந்தக் குளம்?"

வந்தவர் பைகளைக் கக்கத்துக்கு மாற்றிக்கொண்டு செல்போனைப் பார்த்தார். பிறகு வீட்டைப் பார்த்தார். பிறகு மறுபடியும் செல்போனை. திரையில் ஒரு நீலப் பொட்டு இருந்தது. அதன் நடுவில், அவர் நிற்கிற இடம் இதுதான் என்று ஓர் அம்புக்குறி துடித்துக்கொண்டிருந்தது.

"இப்ப நாம ரெண்டு பேரும் குளத்துக்கு நடுவுல நிக்கிறோம்" என்றார். குரலில் ஆச்சரியமே இல்லை. அரசாங்க உத்தியோகத்தில் முதலில் வற்றிப்போவது அதுதான்.

"எனக்கு நீச்சல் தெரியாதுங்களே."

"எனக்கும்தான் தெரியாது. புதுசா கண்டுபிடிச்ச நீர்நிலையில எல்லாம் குஞ்சு விடணும்னு மேலிடத்து உத்தரவு. விட்டுட்டு ஒரு போட்டோ எடுத்துக்கிட்டுப் போயிடுவேன். எங்க விடட்டும், சொல்லுங்க."

சமையலறை ஜன்னலிலிருந்து தார்ப்பாய்க்காரரின் மனைவி எட்டிப் பார்த்தாள். "கொண்டாந்ததுதான் கொண்டாந்தீங்க, இன்னும் கொஞ்சம் வளந்ததாக் கொண்டாந்திருக்கக் கூடாதா? வறுத்தாவது தின்னிருப்போம்."

அரசாங்க மீனைத் திருப்பி அனுப்ப வழியில்லை. கடைசியில், குளியலறைக்கு வெளியே இருந்த தண்ணீர் டிரம்முக்குள் அவை விடப்பட்டன. மீன்துறைக்காரர் டிரம்மின் விளிம்பு தெரியாதபடி குனிந்து, தண்ணீரை மட்டும் படமெடுத்தார். "நல்ல குளம்" என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

இத்தனைக்கும் காரணம், ஊரில் மேப் ஆபீஸ் என்று சொல்லப்படும் ஆற்று வடிநில நிலப்பயன்பாட்டு டிஜிட்டல் வரைபட ஆய்வு மையம். ஓர் ஆற்றுக்குத் தண்ணீர் வடிந்துவந்து சேர்கிற நிலம் முழுவதையும் வானத்திலிருந்து படம் பிடித்து, எது வயல், எது காடு, எது வீடு, எது தண்ணீர் என்று நிறம் பிரித்துச் சொல்வது அதன் வேலை. நிறம் பிரிப்பது கம்ப்யூட்டர். அது பிரித்தது சரிதான் என்று சொல்வது மையம். சரியென்று சொன்னதற்காக மையத்துக்கு ஏற்கெனவே கேடயம் ஒன்று கிடைத்திருந்தது.

தார்ப்பாய்க்காரர் வீட்டுக் கூரை தகரம். சென்ற மழைக்காலத்தில் அது சல்லடை ஆனதும், லாரிகளுக்குத் தார்ப்பாய் தைத்தே வயிறு வளர்த்தவர் தன் வீட்டுக்கும் ஒன்று தைத்தார். ஓரத்தை இரண்டாக மடித்து, உள்ளே கயிறு ஓட்டி, முழத்துக்கொரு பித்தளை வளையம் அடித்து, மெழுகு தேய்த்த நூலால் இரட்டைத் தையல் போட்ட நீலத் தார்ப்பாய். ஒரு சொட்டு உள்ளே இறங்காது. தன் வாழ்நாளில் தைத்ததிலேயே அதுதான் உருப்படி என்று அவர் சொல்வார். வானத்திலிருந்து அதைப் பார்த்த செயற்கைக்கோளும் அசந்துபோய்த் தண்ணீர் என்றே எழுதிக்கொண்டது.

மீன்குஞ்சு வந்த வாரமே லைன்மேன் வந்தார். கம்பத்தில் ஏறி, வயரைத் துண்டித்து, கீழே இறங்கிக் கையைத் தட்டிக்கொண்டார்.

"என்னண்ணே, கரண்ட்டுக் காசெல்லாம் ஒழுங்காத்தான கட்டியிருக்கேன்?"

"யாரு இல்லைன்னா? தண்ணிக்குள்ள கரண்ட் குடுக்கக் கூடாதுன்னு இருக்கு. நாளைக்கு உங்களுக்கு ஷாக் அடிச்சா என் வேலையில்ல போகும்? எல்லாம் உங்க நல்லதுக்குத்தான்."

மோட்டார் வைத்த தையல் மெஷின் அன்றோடு வாயை மூடிக்கொண்டது. மூலையில் கிடந்த மிதி மெஷினை மனைவி துடைத்து வைத்தாள். அதற்கு அடுத்து வந்த ஆள் எதையும் துண்டிக்கவில்லை. நிதானமாகச் சுவரில் சிவப்புப் பெயிண்டில் ஒரு பெருக்கல் குறி போட்டார். 'நீர்நிலை ஆக்கிரமிப்பு' என்று பக்கத்தில் எழுதினார். வீட்டை இடிக்கப்போகிறார்கள். ஆட்சேபணை மனு போட்டால் அது முடிகிறவரை இடிக்க மாட்டார்கள் என்பதையும் அவரே சொன்னார், போகிற போக்கில், பிரஷ்ஷை உதறிக்கொண்டே.

"நீங்க நேர்ல போய்ச் சொல்லுங்க" என்றாள் மனைவி. "தப்பு நடந்துபோச்சுன்னு சொன்னா கேக்க மாட்டாங்களா? மனுஷங்கதான?"

அவள் அதுவரை மேப் ஆபீசுக்குப் போனதில்லை.

மேப் ஆபீஸ் மூன்று மாடி. வாசலில் செருப்பைக் கழற்ற வேண்டும். உள்ளே கம்ப்யூட்டர்களுக்கு வேர்க்கக் கூடாது என்பதற்காக மனிதர்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். காத்திருப்பு அறையில் தார்ப்பாய்க்காரருக்குப் பக்கத்தில் வெள்ளைச் சட்டையில் ஒருவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். ஊரில் பாதிச் சரக்குக் கிடங்குகள் அவருடையவை.

"உங்களுக்கும் தண்ணி காட்டிட்டாங்களா?" என்று தார்ப்பாய்க்காரர் பரிவோடு கேட்டார்.

"எனக்கா?" கிடங்குக்காரர் சிரித்தார். "எனக்கு ஆத்துல தண்ணியே இல்லைன்னு காட்டியிருக்காங்க. ஆறு பூரா ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்குதுல்ல? மேல இருந்து பாத்தா பச்சைப் பசேல்னு இருக்கும். மேப்புல விளைநிலம்னு வந்திருக்கு. ரெண்டு பக்கமும் மண்ணு கொட்டி மேடாக்கி, புதுசா கிடங்கு கட்டலாம்னு அனுமதி கேக்க வந்திருக்கேன்."

"அப்ப ஆத்துத் தண்ணி எங்க போகும்?"

"மேப்புலதான் ஆறே இல்லையே, தண்ணி எங்கிருந்து வரும்?" என்றார் அவர், குழந்தைக்கு விளக்குவதுபோல.

உள்ளே கூப்பிட்டது முதலில் அவரைத்தான்.

தார்ப்பாய்க்காரரின் முறை வந்தபோது அவரை ஒரு பெரிய திரைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினார்கள். அதை இயக்குகிற அதிகாரிக்கு அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்திருக்கும். மவுஸிலிருந்து கையை எடுத்து அவர் எவருக்கும் கைகொடுத்ததில்லை என்பதால் அலுவலகத்தில் எல்லோரும் அவரை மவுஸ்காரர் என்றார்கள்.

"நீலமா இருக்கே" என்றார் மவுஸ்காரர்.

"அது தார்ப்பாய் சார். நானே தைச்சது."

"பிரமாதமாத் தைச்சிருக்கீங்க. தண்ணி மாதிரியே இருக்கு."

தார்ப்பாய்க்காரருக்கு ஒரு நொடி மனசு குளிர்ந்துவிட்டது. பிறகுதான் வந்த காரியம் ஞாபகம் வந்தது. "சார், ஒரு தடவை நேர்ல வந்து பாத்தீங்கன்னா..."

"நேர்லதான பாத்துட்டிருக்கோம்?" மவுஸ்காரர் மவுஸின் சக்கரத்தை உருட்டினார். "இதுக்குப் பேருதான் கள ஆய்வு."

அந்தத் தளத்தில் களம் என்றால் திரை. களத்தில் இறங்குவது என்றால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொள்வது. களப்பணியில் பல வருடம் கழித்தவர்களுக்கு முதுகு சாய்கிற விசேஷ நாற்காலி உண்டு. மவுஸ்காரர் அப்படிப்பட்ட நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்க சார். கதவு தெரியும். வாசல்ல என் வீட்டுக்காரி துணி காயப்போட்டிருப்பா."

மவுஸ்காரர் கிட்டப் போனார். நீலப் பொட்டு பெரிதாகி ஒரு முழுச் சதுரமும் ஒரு அரைச் சதுரமுமாக நின்றது. கதவும் இல்லை, வீட்டுக்காரியும் இல்லை.

"அவ்ளோதான். இதுக்கு மேல கிட்டப் போனா உடைஞ்சிடும்."

"வீடா சார்?"

"படம்." மவுஸ்காரர் பின்னால் சாய்ந்தார். "இங்க பாருங்க, உங்க வீடு மொத்தமே ஒண்ணரைப் புள்ளி. வடிநிலம் பூராவும் கோடிக்கணக்குல புள்ளி இருக்கு. ஒண்ணரைப் புள்ளிக்கா இந்தப் பாடு?"

"நாங்க ரெண்டு பேரும் அந்த ஒண்ணரைக்குள்ளதான் சார் இருக்கோம்."

"பெரும்புள்ளிங்களே பேசாம இருக்காங்க" என்று அலுத்துக்கொண்டு, அவரை மாடிக்கு, இயக்குநரிடம் அனுப்பினார்.

இயக்குநர் அறையில் ஜன்னல் இருந்தது. அதை மறைத்து வரைபடம் மாட்டியிருந்தார்கள். மனுவைப் படிக்காமலே அவருக்கு விஷயம் புரிந்துவிட்டது.

"வரைபடத்துல தப்பு வர வாய்ப்பே இல்லீங்க. நிலத்துல வரலாம். மனுஷங்க கை படுற எடமாச்சே! எங்க வரைபடத்துல யார் கையும் படல."

"அது என் வீடுங்க சார்."

"உங்க நம்பிக்கையை நான் மதிக்கிறேன்" என்றார் இயக்குநர் மரியாதையாக. "மனுவைக் குடுத்துட்டுப் போங்க. திருத்தம் வேணும்னா அடுத்த பதிப்புலதான். அதுக்குச் சில வருஷம் ஆகும். நடுவுல எதையும் மாத்த முடியாது. மாத்தினா, அது வரைபடமா, கரும்பலகையா?"

வீட்டுக்கு வந்து அவர் எல்லாவற்றையும் சொன்னபோது மைத்துனன் கட்டிலில் காலை நீட்டிக் கேட்டுக்கொண்டிருந்தான். மனைவியின் தம்பி. கம்ப்யூட்டர் சென்டர் ஒன்றின் வாசலில் கொஞ்ச காலம் ஜெராக்ஸ் கடை வைத்திருந்தவன். ஆகவே டிஜிட்டல் சமாச்சாரங்களில் அவன் வைத்ததுதான் அந்த வீட்டில் சட்டம்.

"அத்தான், நீங்க ஆபீசுல போய்ப் பேசுறீங்க. சாட்டிலைட்டுக்குக் காது கிடையாது, கண்ணு மட்டும்தான். மனுஷங்க மாத்த மாட்டாங்க, புதுப் படம் வந்தா கம்ப்யூட்டர் தானாவே மாத்தி எழுதிக்கும். நிறத்தை மாத்துங்க."

"தார்ப்பாயை எடுத்துட்டா?"

"எடுத்தா துருப்பிடிச்ச தகரம் தெரியும். செவப்பா இருக்கும். தரிசு நிலம்னு போட்டுடுவான். அப்புறம் அரசாங்கமே எடுத்துக்கும். பச்சை போடுங்க. விளைநிலம்னு வரும். வயலுக்கு நடுவுல ஒரு வீடு இருந்தா எவன் கேக்கப் போறான்?"

"எனக்கென்னமோ பயமா இருக்குடா" என்றாள் அக்காக்காரி.

"நீ சும்மா இரு, அக்கா. உனக்கு இதெல்லாம் புரியாது."

வீட்டில் கிடந்த பச்சைத் துணியையெல்லாம் ஒட்டுப்போட்டுத் தைத்தார் தார்ப்பாய்க்காரர். கூரையில் விரித்துப் பார்த்தபோது மூன்றில் ஒரு பங்குக்குத் துணி போதவில்லை. ஒரு புள்ளி பச்சை, அரைப் புள்ளி நீலம். பரவாயில்லை, வயலும் வாய்க்காலுமாக இருந்துவிட்டுப் போகட்டும் என்று மைத்துனன் ஆறுதல் சொன்னான்.

அடுத்த படம் வந்ததும் கம்ப்யூட்டர் யோசித்தது. அது வயல் என்று நினைக்கவில்லை. இவ்வளவு அடர்ந்த பச்சையும் இவ்வளவு தெளிந்த நீரும் ஒட்டி உறவாடுகிற இடம் வடிநிலம் முழுவதிலும் வேறில்லை என்று கண்டது. 'சதுப்புநிலக் காடு, அரிய வகை' என்று எழுதிவைத்தது.

மறுநாள் காலை துணி காயப்போட வந்த மனைவி, எதிர்வீட்டு மதிலுக்குப் பின்னால் மூன்று தலைகளைப் பார்த்தாள். மூன்றிலும் பைனாகுலர்.

"யாருப்பா அது?"

"அக்கா, கொஞ்சம் அசையாம நில்லுங்க" என்று கிசுகிசுத்தது ஒரு தலை. "பறவை கலைஞ்சிடும்."

"எந்தப் பறவை?"

"வரும்க்கா. இந்த மாதிரி எடத்துக்கு வராம இருக்காது."

மத்தியானம்வரை இருந்துவிட்டு, பறவைகள் அழிந்துவருவதாக வருத்தத்தோடு குறித்துக்கொண்டு அவர்கள் போனார்கள். அதற்குப் பின்னால் வனத்துறை ஆள் வந்து மிதி மெஷினைப் பார்த்தார். அதன் சத்தம் வனவிலங்குகளின் இனப்பெருக்கத்தைப் பாதிக்கும் என்றார். குளத்திலாவது ஆக்கிரமிப்புதான். காட்டில் மனித நடமாட்டமே கூடாது. சுவரிலிருந்த சிவப்புப் பெருக்கல் குறிக்குப் பக்கத்தில் இன்னொன்று, பச்சையில்.

மைத்துனன் அன்று சாயங்காலமே அவசர வேலை இருப்பதாகச் சொல்லி ஊருக்குக் கிளம்பிவிட்டான்.

தார்ப்பாய்க்காரர் பச்சையைப் பிரித்தார். படம் மறுபடியும் நீலமாயிற்று. காடாக இருந்ததைவிடக் குளமாக இருப்பது தேவலை என்ற இடத்துக்கு அந்தக் குடும்பம் வந்திருந்தது.

மழைக்காலம் தொடங்குவதற்கு முன் மேப் ஆபீஸில் குறைதீர்ப்புக் கூட்டம் நடந்தது. மனு நிலுவையில் இருக்கிறவர்கள் வர வேண்டும் என்றதால் தார்ப்பாய்க்காரர் போய்ப் பின்வரிசையில் உட்கார்ந்தார். மேடையில் ஆளுயரத் திரை, அதில் வடிநிலம், முன்னால் இயக்குநர்.

"ஒரு நதியின் வடிநிலத்தை, அதில் ஒருவரும் கால் வைக்காமலேயே அளந்து முடித்த முதல் நிறுவனம் நம்முடையது" என்று தொடங்கினார் அவர். கைதட்டல். "என்னிடம் கேட்கிறார்கள், நீங்கள் இந்த ஆற்றைப் பார்த்திருக்கிறீர்களா என்று. பெருமையோடு சொல்கிறேன், பார்த்ததில்லை. பார்த்தால் என் நடுநிலை கெட்டுவிடும். ஆற்றின் பக்கம் சாய்ந்துவிடுவேன்." மறுபடியும் கைதட்டல். "இன்று நம் வரைபடம் நூற்றுக்குத் தொண்ணூற்றாறு பங்கு சரியாக இருக்கிறது. மீதி நான்கு பங்கு? அது மக்களிடம் இருக்கிறது. அவர்கள் ஒத்துழைத்தால் நூற்றுக்கு நூறையும் எட்டிவிடுவோம். வரைபடம் எப்படி இருக்கிறதோ அப்படி நிலத்தை வைத்துக்கொள்வது ஒவ்வொரு குடிமகனின்..."

அந்த இடத்தில் அவர் மூக்கின்மேல் ஒரு சொட்டு விழுந்தது.

வெளியே பருவத்தின் முதல் மழை. பல வருடங்களாகக் கீழே பார்க்கிற படங்களையே பார்த்துக்கொண்டிருந்த இயக்குநர் முதல்முறையாக மேலே பார்த்தார். கூரைத் தளம் வெடித்திருந்தது. இரண்டாவது சொட்டு கம்ப்யூட்டர்மேல் விழுந்ததும் மேடையே அலறியது.

"யாராவது ஒரு தார்ப்பாய் கொண்டாங்கய்யா!"

"நம்ம ஒண்ணரைப் புள்ளி இருக்காரே" என்று மவுஸ்காரர் பின்வரிசையைக் காட்டினார்.

அளவெடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்த தார்ப்பாய்க்காரர், கறுப்புத் துணியை எடுத்து மெஷின்மேல் போட்டார். மனைவி அதை மடித்து ஓரமாக வைத்தாள்.

"நீலத்துல தையுங்க."

"கறுப்புதான் கேட்டாங்க."

"கறுப்பு தீந்துபோச்சுன்னு சொல்லுங்க." அவள் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "அவங்களும் கொஞ்ச நாள் தண்ணிக்குள்ள இருந்து பாக்கட்டும்."

அவர் அவளைப் பார்த்தார். கல்யாணமான நாளிலிருந்து அவளை இப்படிப் பார்த்தது இரண்டாவது முறை. அன்று ராத்திரி இருவரும் கொஞ்சம் கூடவே சாப்பிட்டார்கள்.

மூன்று மாடிக் கட்டடத்துக்கு நீலத் தார்ப்பாய் ஏறியது. ஓரம் மடித்து, கயிறு ஓட்டி, முழத்துக்கொரு வளையம். வானம் ஒருநாள் வெளுத்தது. செயற்கைக்கோள் ஊரைக் கடந்து போனது. ஊரின் நடுவே நாற்பது புள்ளி அளவில் ஓர் ஏரி உதயமாயிற்று.

கம்ப்யூட்டருக்கு யார் வீடு என்றெல்லாம் தெரியாது. அந்த ஒரு விஷயத்தில் அது உண்மையிலேயே நடுநிலை. காலையில் மீன்துறை ஜீப் மேப் ஆபீஸ் வாசலில் நின்றது. பின்னாலேயே லைன்மேன் வந்து கம்பத்தில் ஏறினார். குளிர்சாதனங்கள் பெருமூச்சு விட்டு அடங்கின. விஷயம் கேள்விப்பட்டு தார்ப்பாய்க்காரர் ஓடினார். ஓடும்போது சிரிப்பு வந்தது. இனிமேல் எப்படியும் திருத்தித்தானே ஆக வேண்டும்?

இருட்டில் இயக்குநர் சட்டைப் பொத்தானைத் திறந்துவிட்டு, சுருட்டிய வரைபடத்தால் விசிறிக்கொண்டிருந்தார். மேஜைமேல் மீன்குஞ்சுப் பை ஒன்று இருந்தது. மவுஸ்காரர் லேப்டாப்பில் கடைசி உயிர் இருக்கும்போதே எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"சார், இப்ப உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்..."

"நிலைமை ரொம்பத் தீவிரம்" என்றார் இயக்குநர். "அதான் உடனே நடவடிக்கை எடுத்துட்டோம். சாயங்காலத்துக்குள்ள சரியாயிடும்."

"அடுத்த பதிப்புலதான் மாத்த முடியும்னு சொன்னீங்களே சார்?"

"மாத்தலையே. புதுசா ஒரு வகை சேர்த்திருக்கோம்." அவர் மவுஸ்காரரைப் பார்த்தார். மவுஸ்காரர் படித்தார்: "நீர்த்தோற்றமுடைய அரசுக் கட்டடம்."

தார்ப்பாய்க்காரர் கை கூப்பினார். "ரொம்ப நல்லது சார். அப்படியே எங்க வீட்டையும் அந்த வகையில சேத்துட்டீங்கன்னா..."

"உங்க வீடு அரசுக் கட்டடமா?"

"இல்ல சார்."

"அப்ப அது நீர்த்தோற்றம் இல்லீங்க. நீர்தான்."

வெளியே வருவதற்குள் விளக்குகள் எரிந்தன. லைன்மேன் கம்பத்திலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். "என்ன இது, மேல ஏறச் சொல்றாங்க, இறங்கச் சொல்றாங்க" என்று அவர் அலுத்துக்கொண்டார். அவர் குரலிலும் ஆச்சரியம் இல்லை.

மனைவி வாசலிலேயே நின்றிருந்தாள். அவர் நடந்து வந்த விதத்தைப் பார்த்தே உள்ளே போய்விட்டாள். அன்று இரண்டு பேருமே சரியாகச் சாப்பிடவில்லை.

பிறகு மழை பிடித்துக்கொண்டது. மேகம் மூடியிருந்ததால் செயற்கைக்கோளுக்கு எதுவும் தெரியவில்லை. ஆகவே வரைபடத்தில் அந்த வாரம் மழை பெய்யவில்லை. நிலத்தில் பெய்தது. மேற்கே மலைகளில் பெய்த தண்ணீர் வழக்கமான வழியில் ஆற்றுக்குள் வந்தது. ஆறு இருந்த இடத்தில் விளைநிலமும், விளைநிலத்தின்மேல் கொட்டிய மண்ணும், மண்ணின்மேல் கிடங்குக்காரரின் புதுச் சுவரும் இருந்தன. தண்ணீர் சற்று நேரம் அங்கே நின்று யோசித்தது. பிறகு தாழ்வான இடம் எங்கே என்று தேடிக்கொண்டு திரும்பியது.

தெருவில் முதலில் கணுக்கால், அப்புறம் முழங்கால். தார்ப்பாய்க்காரர் மோட்டார் மெஷினைக் கழற்றி மேஜைமேல் ஏற்றினார். மேஜையைக் கட்டில்மேல் ஏற்றினார். கட்டிலை எதன்மேல் ஏற்றுவது என்று நிற்கும்போது மனைவி அவர் கையைப் பிடித்து இழுத்தாள்.

"விடுங்க."

"இந்த மெஷின் போனா..."

"விடுங்கன்னு சொல்றேன்ல?"

எதிர்வீட்டு மொட்டைமாடியிலிருந்து அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பக்கவாட்டுச் சுவர் முதலில் சாய்ந்தது, சிவப்பும் பச்சையுமான இரண்டு பெருக்கல் குறிகளோடு. இடிக்க ஆள் அனுப்பும் செலவு மிச்சம். தகரம் மடங்கி உள்ளே போயிற்று. தார்ப்பாய் மட்டும் நாலு மூலையும் கட்டவிழாமல் தண்ணீர்மேல் விரிந்து நின்றது. எது தார்ப்பாய், எது தண்ணீர் என்று மேலேயிருந்து பார்த்தபோது அவருக்கே கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. கம்ப்யூட்டரைக் குறை சொல்ல முடியாதுதான் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றியதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை.

குளியலறைப் பக்கம் டிரம் கவிழ்ந்து மிதந்தது.

"மீனெல்லாம் போயிடுச்சு" என்றாள் அவள்.

"எங்க போகும்? குளத்துக்குள்ளதான இருக்கு."

மழை விட்ட மத்தியானம் தெருவுக்குள் ஒரு மோட்டார் படகு வந்தது. ஆரஞ்சு நிற மிதவைச் சட்டைகளில் இயக்குநரும் மவுஸ்காரரும். மையம் தொடங்கியதிலிருந்து அவர்கள் வெளியே வந்து செய்கிற முதல் கள ஆய்வு. மவுஸ்காரரின் வலது கை பிடிப்பதற்கு எதுவும் இல்லாமல் தொடையின்மேல் லேசாக நகர்ந்துகொண்டிருந்தது. இடது கையில் இருந்த திரையில் நீலம். அதன் நடுவில் அம்புக்குறி துடித்தது.

படகு மொட்டைமாடிக்குக் கீழே நின்றது.

"ஐயா, உங்க வீடு எந்த எடம்?" மவுஸ்காரர் அண்ணாந்து கேட்டார். அவர் தார்ப்பாய்க்காரரை ஐயா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

தார்ப்பாய்க்காரர் விரலை நீட்டினார். "நீங்க நிக்கிற எடம்தான்."

மவுஸ்காரர் திரையைப் பார்த்தார், தண்ணீரைப் பார்த்தார். "கரெக்டா இருக்கு சார்" என்றார்.

இயக்குநர் கண்களில் ஈரம் தெரிந்தது. "பாத்தீங்களா? அன்னைக்கு நான் சொன்னப்ப யாரும் நம்பல. நிலம் கொஞ்சம் மெதுவாத்தான் வரும். ஆனா வந்துடும்." தார்ப்பாய்க்காரரைப் பார்த்து அன்போடு கையசைத்தார். "உங்க ஒத்துழைப்புக்கு ரொம்ப நன்றி."

"சார், எங்களை அந்தப் பக்கம் கொண்டுபோய் விடுவீங்களா?" என்று கேட்டாள் மனைவி.

"இது ஆய்வுப் படகும்மா" என்றார் இயக்குநர். "மீட்புப் படகு தனியா வரும்." படகு திரும்பிப் போயிற்று. அலை வந்து தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் போட்டது. தையல் ஒன்றுகூட விடவில்லை.

சட்டைப் பையில் செல்போன் சிணுங்கியது. லாரி டிரைவர்களுக்காகத் தைக்கிற ரெக்சின் உறைக்குள் அதை அவர் போட்டு வைத்திருந்ததால் நனையவில்லை. எடுத்துப் படித்தார். படித்துக்கொண்டே நின்றார்.

"யாரு? மீட்புப் படகா?"

"இல்ல. நம்ம மனு முடிஞ்சுபோச்சாம்."

"என்னன்னு?"

அவர் வாய்விட்டுப் படித்தார். "நிலத்துக்கும் வரைபடத்துக்கும் இடையிலான வேறுபாடு நீங்கிவிட்டதால் தங்கள் குறை தீர்க்கப்பட்டது. எங்கள் சேவைக்கு ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?"

அவள் முந்தானையைப் பிழிந்தாள். கீழே தண்ணீரில் ஏதோ துள்ளி விழுந்த சத்தம் கேட்டது. இருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் ஈர விரலால் திரையை அழுத்திக்கொண்டே இருந்தார்.

"எத்தனை போட்டீங்க?"

"ஒண்ணரை போடலாம்னு பாக்கிறேன்" என்றார் தார்ப்பாய்க்காரர். "அரையை எடுத்துக்க மாட்டேங்குது."